இரவல் வாங்கிய இருபது வரிகள்



சென்ற பொங்கல் விழாவில், நம் சங்கத்தின் பழைய இதழ்களுக்காக அமைத்திருக்கும் இணையப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினோம். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தான்.

"அங்கிள், நீங்க ரயில்வேலதானே இருந்தீங்க? கோடிங் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கல தம்பி, இரவல் வாங்கினேன்" என்றேன்.

நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து அவன் சிரித்தான். ஆனால் அது உண்மை. அந்தப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் கட்டுரையைத் தேடித் தருகிற பெட்டி, கைப்பேசியிலும் விரிந்து சுருங்குகிற பட்டியல், படத்தைத் தொட்டால் பெரிதாகும் வசதி ஆகிய எதையும் நான் எழுதவில்லை. யாரோ எழுதி, "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று பொதுவில் வைத்த ஆயத்த நிரல்கள் அவை. அப்படி எடுத்தாண்டதில் எனக்குக் கிடைத்த நன்மையும், நானே தேடிக்கொண்ட ஒரு தலைகுனிவும் உண்டு. இரண்டையும் எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பொறியியலில் பட்டயம் பெற்று 1981-இல் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்தேன்; 2018-இல் ஓய்வு பெற்றேன். சேலம் பக்கத்திலிருந்து வந்து ஜோகுபாளையத்தில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்ததையும், 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டதையும் பார்த்தவர்களில் நானும் ஒருவன். கணிப்பொறி எனக்குத் தொழில் அல்ல. ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவேண்டுமே என்று தொட்டது.

ஆயத்த நிரல் என்றால் என்ன?

ஓர் இணையப் பக்கத்தை ரயில் நிலையமாக வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை, சீட்டு அறை, காத்திருப்புக் கூடம் ஆகியவற்றின் அமைப்பைச் சொல்வது எச்.டி.எம்.எல். சுவருக்கு என்ன வண்ணம், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்று சொல்வது சி.எஸ்.எஸ். இவை இரண்டும் இருந்தால் நிலையம் நிற்கும். ஆனால் வண்டி வந்ததும் சிக்னல் மாறவேண்டும், அறிவிப்புப் பலகையில் எழுத்து ஓடவேண்டும் அல்லவா? அந்த அசைவுகளைப் பார்த்துக்கொள்வது ஜாவாஸ்கிரிப்ட்.

ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த கதை சுவையானது. 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். முதலில் மோக்கா என்றும், பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றும் பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. ஜாவா என்ற இன்னொரு கணிப்பொறி மொழிக்கு அப்போது நல்ல பெயர் இருந்ததால் அந்த ஒட்டு. மற்றபடி இவை இரண்டும் வெவ்வேறு மொழிகள். நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியதும் அதே 1995-இல்தான், ஆகஸ்டு 15-ஆம் நாள்.

இந்த மொழிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இதில் எழுதிய நிரல், பக்கத்தைப் பார்ப்பவரின் கணிப்பொறிக்கே வந்து அங்கே ஓடும். ஆகவே அதைத் திறந்து படிப்பதும் எளிது. அடுத்த வீட்டுக் கோலம் பிடித்துப்போனால் நின்று பார்த்துப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு வருவதில்லையா, அப்படித்தான் தொண்ணூறுகளில் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் இதைக் கற்றார்கள். பிறகு இத்தகைய துண்டு நிரல்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியங்கள் வந்தன. டைனமிக் டிரைவ், ஜாவாஸ்கிரிப்ட் சோர்ஸ் முதலியவை அன்று புகழ்பெற்றவை. ஓடும் கடிகாரம், தொட்டால் மாறும் படம், சுட்டியின் பின்னால் வால்போல் ஓடிவரும் நட்சத்திரங்கள், பக்கம் முழுவதும் பொழியும் பனி என்று எல்லாம் கிடைத்தன. வெயிலூரில் இருந்த சங்கங்களின் பக்கத்திலும் பனி பெய்தது!

சிங்காரம் ஒருபுறம் இருக்க, பயனுள்ளவையும் நிறைய இருந்தன. படிவத்தில் கைப்பேசி எண்ணுக்கு ஒன்பது இலக்கம் மட்டும் எழுதினால் "ஓர் இலக்கம் குறைகிறது" என்று அனுப்புமுன் சொல்லும் நிரல் ஓர் எடுத்துக்காட்டு. இதையெல்லாம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுத வேண்டுமென்றால், சங்கம், கோயில், சிறுகடை எவரும் பக்கம் அமைத்திருக்கவே முடியாது.

ரயில்வேயில் வேலை செய்தவனுக்கு இது புதிதல்ல. ஒரு நிலையத்து ரிலே பழுதானால் நாங்கள் உட்கார்ந்து புது ரிலே செய்வதில்லை. அதே வகை ரிலேவைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து பொருத்துவோம். உதிரிப்பாகத்தை வாங்கிப் பொருத்துவதில் வெட்கப்பட ஏதுமில்லை. பொருத்தும் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழுக்குக் கைகொடுத்த நிரல்கள்

வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் வாழும் நமக்கு இந்த ஆயத்த நிரல்கள் செய்த பேருதவி ஒன்று உண்டு. இளையவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

தொண்ணூறுகளில் கணிப்பொறித் தமிழ் ஒரே தமிழாக இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார். இவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு செய்ததைப்போலவே பத்திரிகைகளும் தங்களுக்கென ஒன்று வைத்திருந்தன. ஓர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் இன்னொன்றில் 'ழ' இருந்தது. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால், வந்த கடிதம் கொக்கியும் குறியுமாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டிஸ்கி என்ற குறியேற்றம் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்பவை வந்தன. அதன்பின் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு பரவியது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

சரி, அதற்கு முன் எழுதியவையெல்லாம் என்ன ஆவது? இங்கேதான் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன், பழைய எழுத்துருக்களில் இருப்பதை யூனிகோடாக மாற்றும் பொங்குதமிழ் மாற்றியை இணையப் பக்கமாகவே அமைத்துத் தந்தார். எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. மேல் பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டினால், கீழ்ப் பெட்டியில் புதிய எழுத்து வரும். அலுவலகக் கணிப்பொறியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத எத்தனையோ பேர் அதனால்தான் தமிழ் படித்தார்கள்.

விக்கிப்பீடியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மலையாள விக்கிப்பீடியாவில் எழுதுவதற்காக ஒரு தட்டச்சு நிரலை ஜாவாஸ்கிரிப்டில் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்து 2011-இல் மற்ற இந்திய மொழிகளின் விக்கிப்பீடியாக்களுக்கும் வந்தது 'நாராயம்'. மலையாளத்தில் நாராயம் என்றால் எழுத்தாணி. ஆங்கில விசைகளில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் 'அம்மா' என்று வரும். தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்கள் அப்படியும் எழுதலாம். பின்னர் அதை எவரும் தங்கள் பக்கத்தில் பொருத்திக்கொள்ளும்படி தனி நிரல் தொகுப்பாகவும் வெளியிட்டார்கள். அண்டை வீட்டார் வார்த்த எழுத்தாணி நம் வீட்டுக்கும் பயன்பட்டது.

கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் படித்து, தமிழை வீட்டில் பேச மட்டும் அறிந்த நம் பிள்ளைகள் பலர், தங்கள் பெயரை முதன்முதலாகத் தமிழில் பார்த்தது இப்படிப்பட்ட ஒரு பெட்டியில்தான். என் பேத்தியும் அப்படியே.

என் கதை

இனி என் தலைகுனிவுக்கு வருகிறேன்.

நம் சங்கத்தின் தொண்ணூறுகளின் இதழ்கள் கணிப்பொறியில் அச்சுக்கோத்தவை. அந்தக் கோப்புகளைப் பிளாப்பியிலிருந்து குறுந்தகட்டுக்கு மாற்றி ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார். திறந்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. எல்லாம் பழைய எழுத்துரு. அவற்றை யூனிகோடாக்கி, கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு, மாதம் என்று அட்டவணை போடுவதாக ஒப்புக்கொண்டேன்.

மாற்றுவதற்கு ஓர் ஆயத்த நிரல் கிடைத்தது. அதன் வேலை என்ன தெரியுமா? சுத்தமான ஷன்டிங். 'பொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று பெட்டிகள் நிற்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து 'ப', கடைசியில் துணைக்கால். யூனிகோடில் அப்படி அல்ல. முதலில் 'ப', அதன் எண் 2986. அடுத்து, கொம்பும் காலும் சேர்ந்த 'ஒ'கரக் குறி ஒன்றே ஒன்று, அதன் எண் 3018. ஆக, மூன்று பெட்டியைப் பிரித்து, திருப்பி, இரண்டு பெட்டியாகக் கோக்கவேண்டும்.

அந்த நிரலில் மாற்ற வேண்டிய எழுத்துகளின் பட்டியல் இருந்தது. 'கொ, கோ' வரிசை முதலிலும் 'கெ, கே' வரிசை அதன் பின்னும் இருந்தன. எனக்கு அது உறுத்தியது. 'எ'வுக்குப் பிறகுதானே 'ஒ' வரவேண்டும்? தமிழ் தெரியாத யாரோ தாறுமாறாக எழுதிவிட்டார் போலும் என்று முடிவு செய்து, அகர வரிசையில் அழகாக மாற்றி அடுக்கினேன். மேலே சில வரிகளில் ஆங்கிலத்தில் ஏதோ குறிப்பு இருந்தது. நிரல் ஓடுவதற்கு அது தேவையில்லை என்பதால் அதையும் நீக்கிவிட்டேன்.

நிரல் ஓடியது. எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. அட்டவணையை ஏற்றினேன். அதன் தலையில் இன்னொரு ஆயத்த நிரலைப் பொருத்தினேன். தலைப்பில் சொன்ன இருபது வரி அதுதான். பெட்டியில் தட்டியதை எடுத்துக்கொள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் அது இருக்கிறதா பார். இருந்தால் காட்டு, இல்லையென்றால் மறை. இவ்வளவே அதன் வேலை. என் பெயரைத் தட்டினேன், வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஒரு மாதம் சென்றிருக்கும். கேம்பிரிட்ஜ் லேஅவுட்டிலிருந்து ஓர் அம்மையார் தம் பேத்தியுடன் வீட்டுக்கு வந்தார். அவருடைய தந்தையார் நம் இதழின் தொடக்ககால எழுத்தாளர்களில் ஒருவர். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீடு மாறியபோது இதழ்களெல்லாம் தொலைந்துவிட்டனவாம்.

"சார், அப்பா பேரைப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுமே வரலை. அவர் எழுதினதை நீங்க சேர்க்கலையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் முன்னாலேயே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தேடாமல் அட்டவணையைக் கையால் தள்ளிக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெயர் கண்முன் நின்றது! அதே பெயர், அதே எழுத்து. பக்கத்தில் இருக்கிறது, தேடினால் இல்லை. "நாளை சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு, சிக்னல் பழுதைத் தேடுவதுபோல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கண்ணன் கிடைக்கிறார், கோபாலன் கிடைக்கவில்லை. சரவணன் கிடைக்கிறார், சோமு கிடைக்கவில்லை. கொம்பும் காலும் உள்ள எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தேடல் தவறுகிறது. அந்த அம்மையாரின் தந்தை பெயர் 'பொ' என்று தொடங்குவது. எழுத்தின் எண்களை எடுத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பெட்டியில் அவர் தட்டிய 'பொ' 2986, 3018. என் அட்டவணையில் இருந்த 'பொ' 2986, 3014, 3006. அதாவது 'ப', ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நம் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் அந்த இருபது வரிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

காரணம் நான்தான். 'கெ' வரிசையை முன்னால் நகர்த்தியதால், நிரல் முதலில் கொம்பையும் 'ப'வையும் பார்த்து 'பெ' என்று மாற்றிவிட்டது. துணைக்கால் தனியே பின்னால் நின்றது. பிறகு 'பொ'வைத் தேடியபோது, அதற்குரிய மூன்று பெட்டி வரிசை கலைந்து போயிருந்தது. 'ஒ'கரத்தை முதலில் வைத்தவர் தமிழ் தெரியாதவர் அல்லர். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். நான் நீக்கிய குறிப்பை மூல நிரலில் மறுபடி படித்தேன். "மூன்று துண்டு எழுத்துகளை முதலில் மாற்றவும், இந்த வரிசையைக் கலைக்காதீர்கள்" என்பதுதான் அதன் சாரம்.

முப்பத்தேழு ஆண்டுகள் சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். இயங்கும் சிக்னல் கருவியைத் தொடுமுன் நிலைய அதிகாரியிடம் டி/351 படிவத்தில் இணைப்புத் துண்டிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்து, மறு இணைப்பு எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தக் கருவியை மீண்டும் பயன்படுத்தலாம். எதற்கு என்று தெரியாத கம்பியைக் கழற்றக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவனே வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்தேன். சோதனையும் என் பெயரை வைத்து மட்டும் செய்தேன். என் பெயரில் 'ஒ'கரம் இல்லை.

பிழையைத் திருத்த ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' என்ற வசதி 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டின் தரத்திலேயே இருக்கிறது. தேடும் சொல்லையும் அட்டவணையில் உள்ளதையும் அதன் வழியே செலுத்தி, அதன்பின் ஒப்பிடச் செய்தேன். மாற்றியின் வரிசையையும் பழையபடி வைத்து, அட்டவணை முழுவதையும் மீண்டும் மாற்றினேன்.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். அந்த இருபது வரித் தேடலில், ஒப்பிடுமுன் எல்லா எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் வரி ஒன்று இருக்கிறது. சின்ன எழுத்தில் தட்டினாலும் கிடைக்க வேண்டுமே என்று அதை எழுதியவர் தம் மொழிக்குத் தேவையானதை யோசித்திருக்கிறார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. நமக்குக் கொம்பும் காலும்தான் சிக்கல். ரெடிமேட் சட்டை வேறொருவர் தோளுக்கு அளவெடுத்தது. நம் தோளுக்கு ஏற்ப இரண்டு தையல் பிரித்துப் போட்டுக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

உலகத்தில் நடந்தவை

என் பிழையால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் மனவருத்தம், அதோடு போயிற்று. இரவல் நிரலால் பெரிய இடங்களும் அடிபட்டிருக்கின்றன.

2016 மார்ச்சில், லெஃப்ட்பேட் என்ற வெறும் 11 வரி நிரலை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். களஞ்சியத்தாரோடு ஒரு பெயர் குறித்து அவருக்கு மனத்தாங்கல். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பது மட்டுமே அந்த நிரலின் வேலை. ஆனால் அதை நம்பிய நிரல்களை நம்பி வேறு நிரல்கள் இருந்ததால், உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள் வேலைகள் அன்று தடைப்பட்டன. சில மணி நேரத்தில் களஞ்சியத்தாரே அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

2018 பிப்ரவரியில், பார்வைக் குறையுள்ளோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் பிரௌசலவுட் என்ற ஆயத்த நிரலில் யாரோ புகுந்து திருட்டு வரிகளைச் சேர்த்தார்கள். அதைப் பொருத்தியிருந்த 4,000-க்கும் மேற்பட்ட தளங்களுக்கு வந்தவர்களின் கணிப்பொறிகள், அவர்கள் அறியாமலே, திருடருக்காக மின்நாணயம் ஈட்டும் கணக்குப் போட்டன. தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் ஆணையத்தின் தளமும் அவற்றில் ஒன்று.

2024-இல் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. பழைய உலாவிகளுக்குப் புதிய வசதிகளைத் தரும் பாலிஃபில் என்ற நிரல் ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து பல்லாண்டுகளாக இலவசமாகக் கிடைத்துவந்தது. அந்த முகவரி பிப்ரவரியில் கைமாறியது. நிரலை முதலில் உருவாக்கியவரே "உடனே நீக்கிவிடுங்கள்" என்று எச்சரித்தார். ஜூன் மாதத்தில் அதே முகவரியிலிருந்து, பார்ப்பவர்களை வேண்டாத இடங்களுக்கு இழுத்துச் செல்லும் வரிகள் வரத் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இன்னும் பொருத்தி வைத்திருந்தன. அவர்கள் எதையும் மாற்றவில்லை. அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்தார்கள்; வீடு விலைபோனதைக் கவனிக்கவில்லை.

நாம் செய்யத் தக்கவை

இதையெல்லாம் படித்துவிட்டு இரவலே வேண்டாம் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நம் போன்ற சிறு சங்கங்களுக்கு வேறு வழியும் இல்லை. என் அனுபவத்தில் கண்ட ஐந்து செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒன்று: தேவையைப் பார்த்து எடுங்கள். பக்கத்துக்கு வருபவர் எதற்காக வருகிறார்? பெரும்பாலும் ஒரு தேதி, ஒரு முகவரி, ஒரு பெயர். அதை விரைவாகத் தரும் நிரல் போதும். பனியும் நட்சத்திரமும் கைப்பேசியின் மின்கலத்தைத்தான் தின்னும்.

இரண்டு: ஒருமுறையாவது மேலிருந்து கீழ்வரை படியுங்கள். புரியாத வரி இருந்தால் தெரிந்த பிள்ளைகளிடம் கேளுங்கள். பெங்களூரில் தெருவுக்கு நான்கு மென்பொறியாளர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். எதற்கென்று தெரியும்வரை எதையும் நகர்த்தாதீர்கள்.

மூன்று: எழுதியவர் பெயரையும் குறிப்பையும் நீக்காதீர்கள். பல நிரல்கள் "இந்தக் குறிப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும்" என்ற ஒரே நிபந்தனையோடுதான் இலவசமாகத் தரப்படுகின்றன. அது நன்றிக்கடன், அத்தோடு என்னைப்போல் அவசரக்காரர்களுக்குப் பாதுகாப்பும்கூட.

நான்கு: கூடியவரை ஒரு படியை உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளி முகவரியிலிருந்து எடுத்தே தீரவேண்டுமென்றால், நிரலின் கைரேகை போன்ற ஒரு குறியை அதோடு சேர்த்து எழுதும் முறை 2016 முதல் இணையத் தரமாக இருக்கிறது. சரக்குப் பெட்டியின் கதவில் போடும் ஈய முத்திரையைப் போன்றது அது. வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அந்த நிரலை ஓடவிடாது. ஒரே வடிவமாக மாறாமல் இருக்கும் நிரல்களுக்கு இது பொருந்தும்.

ஐந்து: தமிழை வைத்துச் சோதியுங்கள். 'கொ, கோ, கௌ' உள்ள சொற்களையும், 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்தையும், பழைய கைப்பேசியில் தட்டிய எழுத்தையும் போட்டுப் பாருங்கள். நமக்காக வேறு யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

மறுநாள் மாலை அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேத்தியே பெட்டியில் தாத்தாவின் பெயரைத் தட்டினாள். ஆங்கில விசையில் தட்டித் தமிழாக வரவழைத்தாள். ஏழு கட்டுரைகள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்று, அல்சூரில் அவர் முதன்முதலில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதை. பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார், அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். பாதியில், "பாட்டி, 'குடக்கூலி'ன்னா என்ன?" என்று கேட்டாள். "வாடகை" என்றார் பாட்டி. பிறகு மீண்டும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

நான் எழுந்து காப்பி போடச் சொல்ல உள்ளே போனேன்.

நம் இதழின் தொடக்ககாலப் பிரதிகளில் சில இன்னும் கிடைக்கவில்லை. பரணிலோ பழைய பெட்டியிலோ யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். படி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். பொங்கல் விழாவில் என்னிடம் பேசிய தம்பி இப்போது ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறான். இனி இரவல் நிரல்களை அவன் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் நான் பொருத்துவது என்று ஏற்பாடு. டி/351 படிவம் மட்டும்தான் இல்லை.